பாலாற்றங்கரையில் மீட்சிக் காலம்: செங்கல்பட்டு வட்டாரத்தின் உறுப்புச் சீரமைப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அறுவை மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் அறுவை நிகழும் நாளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதன்பின் நோயாளி படுத்திருந்த நாட்கள், அவருக்குச் சோறிட்டவர், நடை பழக்கியவர் ஆகியவை பெரிதும் கருதப்படவில்லை. திருமுக்கூடல் கல்வெட்டு, திருமணித் தொழுநோய் மருத்துவமனை, எலும்பு நீட்டிப்புக்கான புறச்சட்டகம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து, மீட்சிக் காலம் எந்தச் சமூக ஏற்பாட்டின்மேல் நின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆதுலர்சாலை, திருமணி, தசைநாண் மாற்று, இலிசரோவ் சட்டகம், மறுவாழ்வு.

முன்னுரை

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடம் திருமுக்கூடல். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. அங்கிருந்து கிழக்கே செல்லும் பாலாறு செங்கல்பட்டுக்குத் தெற்கே ஓடி, மாமல்லபுரத்துக்குத் தெற்கில் சதுரங்கப்பட்டினத்தை அடுத்த வயலூர் அருகே கடலில் கலக்கிறது. குறுகிய இந்நிலப்பரப்பில் எண்ணூறு ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் இரு மருத்துவ நிறுவனங்கள் தடம் பதித்துள்ளன. இரண்டையும் இணைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகிறது: அறுவைக்குப் பின்வரும் நாட்கள் யாருடைய பொறுப்பு?

திருமுக்கூடல்: கணக்கில் வந்த மீட்சி

சோழப் பேரரசன் வீரராசேந்திரன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு, திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ளது. கோயிலைச் சார்ந்த கல்விச் சாலையையும் ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலையையும் அது விரிவாகக் கூறுகிறது. ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை எனப்படும் அறுவைத் தொழில் செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளியைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் எனப் பணியாளர் வகுக்கப்பட்டனர்.

மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல்லும் ஒதுக்கப்பட்டன. நோயாளி ஒருவருக்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசி உண்டு. இரவில் எரியும் விளக்குக்கும் ஏற்பாடு இருந்தது. ஊதிய வேறுபாட்டைக் கொண்டு அறுவைத் தொழிலின் மதிப்பை அளந்துவிட இயலாது. அதன் காரணத்தைக் கல்வெட்டு கூறவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. அரிசி, இரவு விளக்கு, பேணும் பெண்டிர் ஆகிய மூன்றும் மருத்துவரின் ஊதியத்தோடு ஒரே கணக்கில் இடம்பெறுகின்றன. மீட்சிக் காலம் இங்குச் செலவினமாக ஏற்கப்பட்டிருந்தது.

இதன் எல்லையையும் குறிப்பிட வேண்டும். இச்சாலை கல்விச் சாலையின் மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியது. நிறுவனத்தைச் சார்ந்தவர் படுத்தால் அவருக்கு நாழி அரிசி கிடைத்தது. அதற்கு வெளியே பாலாற்றங்கரையில் ஏர் ஓட்டியவர் கால் முறிந்து படுத்தால் அவருக்கு என்ன கிடைத்தது என்பதற்கு இக்கல்வெட்டில் விடை இல்லை.

திருமணி: வலியற்ற உறுப்பின் சிக்கல்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை 1924இல் நிறுவப்பட்டது. 1955இல் இந்திய அரசு அதனை ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. இங்குப் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், சல்போன் மருந்துகளை இந்தியாவில் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர். மருந்து நோயை நிறுத்தியது. ஆனால் மடங்கிப்போன விரல்களையும் தொய்ந்துபோன பாதத்தையும் அது நிமிர்த்தவில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1947இல் செங்கல்பட்டுக்கு வந்தார். மடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவர் அவர் கையைப் பற்றியபோது பிடி வலிக்குமளவு இறுகியிருந்தது. உணர்விழந்த கைக்குத் தன் அழுத்தம் தெரியவில்லை. அதேவேளை, செத்துவிட்டதாகக் கருதப்பட்ட கையில் உயிருள்ள தசைகள் இருந்தன என்பதற்கு அதுவே சான்றாயிற்று. நல்ல தசையின் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தினால் விரல் நிமிரும் என்ற எண்ணம் இதிலிருந்து வளர்ந்தது. 1948இல் வேலூரில் இத்தகைய அறுவைகள் தொடங்கின. பாதத் தொய்வுக்கும் இவ்வாறே தசைநாண் மாற்று செய்யப்பட்டது.

இம்மருத்துவத்தில் அறுவை சில மணி நேரமே. பின்னர் மாவுக்கட்டில் சில வாரங்கள், கட்டுப் பிரித்தபின் இயன்முறைப் பயிற்சியில் மேலும் சில வாரங்கள் கழியும். இதுவரை மணிக்கட்டையோ கணுக்காலையோ அசைத்த தசைக்கு, இனி வேறு வேலை என்பதை மூளை புதிதாகக் கற்க வேண்டும். வலி என்னும் எச்சரிக்கை இல்லாததால், ஆறாத காலை ஊன்றி நடந்து நோயாளியே அதைக் கெடுத்துக்கொள்ளும் அபாயமும் இருந்தது. ஆகவே கண்காணிப்பும் மென்மையான நுண்ணறை ரப்பர்ச் செருப்பும் மருத்துவத்தின் பகுதிகளாயின.

இதனினும் கடுமையான பாடம் ஒன்று வேலூரில் கிடைத்தது. கை சீரான ஒருவர் ஊர் திரும்பியபோது நோயின் வடு காரணமாக வேலை கிடைக்கவில்லை; கை நன்றாயிருந்ததால் பிச்சையும் குறைந்தது. உறுப்பு மீண்டும் வாழ்க்கை மீளவில்லை என்பதை உணர்ந்தே, கைத்தொழில் கற்பிக்கும் மறுவாழ்வுக் குடியிருப்பு ஒன்றை பிராண்ட் வேலூரில் அமைத்தார். 1954இல் விபத்தால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூரில் உருவான மறுவாழ்வு நிறுவனம் அவரது முயற்சியின் பயன்.

சட்டகத்தின் காலக்கணக்கு

குறுகிய காலை நீட்டும் அறுவையை இத்தாலியரான கோடிவில்லா 1905இல் விவரித்தார். சோவியத் ஒன்றியத்தின் குர்கானில் கவ்ரீல் இலிசரோவ் 1950களில் வளையச் சட்டகத்தை உருவாக்கி அதற்கு உறுதியான முறை தந்தார். மேற்கு ஐரோப்பா அதனை அறிந்தது 1980களின் தொடக்கத்தில்தான். எலும்பை வெட்டிச் சில நாட்கள் விட்டு, பின்னர் நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம், வழக்கமாக நான்கு தவணைகளில் திருகி விலக்கினால், இடைவெளியில் புதிய எலும்பு வளர்கிறது. 5 சென்டிமீட்டர் நீட்ட 50 நாட்கள். வளர்ந்த எலும்பு இறுக அதற்கு மேலும் காத்திருத்தல் வேண்டும். சட்டகம் காலில் நிற்பது குறைந்தது ஐந்து மாதங்கள் என்று கொள்ளலாம்.

திருமணி நோயாளிக்கு வலி இல்லாமையே ஆபத்து. இங்கு வலியே நாள்தோறும் கடக்க வேண்டிய தடை. கம்பி நுழையும் இடங்களைத் தூய்மையாக வைத்தல், மூட்டு இறுகாமல் பயிற்சி செய்தல், மருத்துவர் சொன்ன அளவுக்குக் காலூன்றுதல் ஆகியவை வீட்டிலேயே நிகழ வேண்டும். திருகைத் திருப்புபவர் நோயாளியோ அவர் வீட்டாரோ ஆவர். திருமுக்கூடலில் ஊதியம் பெற்ற பெண்டிரின் பணி இன்று தாயிடமோ மனைவியிடமோ ஊதியமின்றிச் சேர்ந்துள்ளது.

மாமல்லபுரக் கடற்கரையில் இக்கணக்கைப் பொருத்திப் பார்த்தால் அதன் எடை புலப்படும். வளையச் சட்டகத்தோடு மீனவர் படகேற இயலாது. கற்சிற்பி தரையில் சம்மணமிட்டு உளி பிடிக்க இயலாது. ஐந்து மாதக் கூலியிழப்பு அறுவைக்கான செலவுப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

முடிவுரை

மூன்று சான்றுகளும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. அறுவையின் திறம் காலந்தோறும் வளர்ந்துள்ளது. மீட்சிக் காலத்தைத் தாங்கும் ஏற்பாடு அவ்வாறு தொடர்ந்து வளரவில்லை. திருமுக்கூடல் தன்னைச் சார்ந்தவர்க்கு மட்டும் அதை அளித்தது. தொழுநோயாளர்க்காக உருவான ஏற்பாடு, துன்பத்தின் அனுபவத்தால் வாழ்வாதாரம் வரை விரிந்தது. சட்டகக் காலத்திலோ அப்பொறுப்பின் பெரும்பகுதி குடும்பத்தின்மேல் விழுந்துள்ளது. நோயாளிக்குரிய ஒரு நாழி அரிசியைக் கல்லில் வெட்டிய மரபு, மீட்சிக் காலத்துக்கும் கணக்கு வேண்டும் என்பதை அறிந்திருந்தது. தமிழக மருத்துவ வரலாற்றாய்வு அக்கணக்கை மீண்டும் கேட்கத் தொடங்குவது தகும்.