பைப் நட்டைத் தளர்த்தினால் தெரியும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரிப் பட்டறைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடும் பழைய மெக்கானிக்குகளின் புகழும் கூடவே வரும். ஸ்க்ரூடிரைவர் முனையை என்ஜின் பிளாக்கில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்து, ‘மூணாவது ராடு தட்டுது’ என்று சொல்லிவிடுவார்களாம். இதைப் பிறவி ஞானமாக, கைராசியாக வியப்பவர்கள் அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைக்கிறார்கள். எனக்கு அது குறைத்து மதிப்பிடுவதாகவே படுகிறது. அவர்களிடம் இருந்தது படிப்படியாக ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்க்கும் ஒரு சோதனை முறை. அதற்கு வழிவிட்டது அன்றைய டீசல் என்ஜினின் அமைப்பு.

அந்த அமைப்பு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. டாடா நிறுவனமான டெல்கோ 1954இல் டெய்ம்லர்-பென்ஸோடு கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கியது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு நம் சாலைகளில் ஓடிய கனரக லாரிகளில் பெரும்பாலானவற்றில் இருந்தவை இந்த இரண்டு குடும்பங்களின் என்ஜின்களே. ஒரே வகை என்ஜினைப் பட்டறைப் பையன் நாள்தோறும் கேட்டு வளர்ந்தான். அதன் நல்ல சத்தம் எது என்பது அவனுக்கு மனப்பாடம். இதைவிட முக்கியமானது சிலிண்டர்களுக்கு டீசலைச் செலுத்தும் இன்லைன் பம்ப். பெங்களூருவின் மைகோ தயாரித்த இந்தப் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பிளஞ்சர், தனித்தனி இரும்புப் பைப். பைப் இன்ஜெக்டரில் சேருமிடத்தில் ஒரு நட்டு. என்ஜின் ஓடும்போதே ஸ்பேனர் வைத்து அதை அரைச்சுற்றுத் தளர்த்தினால் டீசல் வெளியே கசிந்துவிடும். அந்த ஒரு சிலிண்டர் மட்டும் எரிவதை நிறுத்தும்.

மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டதெல்லாம் அந்த நட்டைத் தளர்த்திய கணத்தில் சத்தம் என்ன ஆகிறது என்பதைத்தான். இன்ஜெக்டரின் நாசில் ஒழுங்காகப் பீய்ச்சாததால் வரும் தட்டல் என்றால் சட்டென்று நின்றுவிடும். கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தாலும் சுமை விலகியதும் சத்தம் வெகுவாகத் தணியும். டேப்பட் சத்தமோ எந்த நட்டைத் தளர்த்தினாலும் மாறாது. நாசிலையும் பேரிங்கையும் எப்படிப் பிரிப்பது? அதற்குச் சூடு உதவியது. பீய்ச்சிய டீசல் உடனே பற்றுவதில்லை. நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு தாமதம் உண்டு. இங்கிலாந்தில் என்ஜின் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ டீசல் எரிதலைக் கட்டம் கட்டமாகப் பிரித்தபோது முதல் கட்டமாக வைத்தது இந்தத் தாமதத்தைத்தான். தாமதம் நீண்டால் சேர்ந்துவிட்ட டீசல் மொத்தமாக வெடித்துத் தட்டும். ஆகவே, காலையில் குளிர்ந்த என்ஜினில் பலமாகக் கேட்டு, சூடேறியதும் அடங்குவது பெரும்பாலும் எரிதலின் தட்டல். பேரிங் தட்டல் இதற்கு நேர் எதிர்: ஆயில் சூடாகி இளகியதும் இடைவெளி வெளிப்பட்டு, ஆயில் பிரஷர் இறங்கி, சத்தம் ஏறும். எல்லா சிலிண்டரும் ஒன்றுபோலத் தட்டினால் பம்ப் டைமிங் முன்னேறியிருக்கலாம், அல்லது டீசலே கெட்டது. மானிய மண்ணெண்ணெய் கலந்த டீசல் தாராளமாகப் புழங்கிய காலத்தில், என்ஜினைப் பிரிக்குமுன் ‘எந்த பங்க்ல போட்டே?’ என்று டிரைவரைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மண்ணெண்ணெய் கலந்தால், டீசல் எவ்வளவு எளிதில் பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் இறங்கும். பற்றும் தாமதம் கூடும்.

இந்த முறையைப் பொன்னே போல் போற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அது தவறியதும் உண்டு. குளிரில் லைனரை அறையும் தேய்ந்த பிஸ்டனும் சூட்டில் அடங்கும், நட்டைத் தளர்த்தினாலும் தணியும். நாசில் என்று நினைத்து மாற்றிவிட்டு ஏமாந்தவர்கள் இருப்பார்கள். மெயின் பேரிங் சத்தம் ஒரு சிலிண்டரை நிறுத்துவதால் தெளிவாகப் பிடிபடாது. சந்தேகமே போதுமென்று முழு ஓவர்ஹாலுக்கு முதலாளியை இழுத்துவிடவும் இதில் இடம் உண்டு. ஆனால் இவையெல்லாம் எந்தச் சோதனைக்கும் உள்ள எல்லைகள். காதுக்கு அருள் வந்து சொன்ன வாக்காக இருந்திருந்தால் எங்கே தவறும் என்றுகூட நம்மால் சொல்ல முடியாது.

இன்னொரு வாதம், ஸ்கேனர் வந்ததால் பழைய அறிவு செல்லாக்காசாகிவிட்டது என்பது. 2017இல் பிஎஸ்-4 புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தபோதும் அசோக் லேலண்ட் இன்லைன் பம்பை விடாமல் வைத்துக்கொண்டது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 அந்தக் கதையை முடித்தது. இன்லைன் பம்பின் இடத்துக்கு வந்த காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். ஓடும் என்ஜினில் அந்த நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். யாரும் செய்யக் கூடாது. கதவு மூடியது அங்கேதான், மெக்கானிக்கின் காது மந்தமாகவில்லை. ஆனால் ஸ்கேனரில் சிலிண்டர் கட்-அவுட் என்றொரு சோதனை இருக்கிறது: ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்தி வித்தியாசத்தைப் பார்ப்பது. ஸ்பேனர் இருந்த இடத்தில் பொத்தான் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பிக் எண்ட் பேரிங் எவ்வளவு தேய்ந்தது என்று நேரே சொல்லும் சென்சார் இன்றைய லாரிகளிலும் வழக்கத்தில் இல்லை. ஆயில் பிரஷர் இறங்கினால் விளக்கு எரியும், எந்த ராடு என்று அது சொல்லாது. அதற்கு இப்போதும் ஆயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றி, பேரிங் மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.