ஆட்டோ கியர் எண்ணெய்: காரின் பெயர் போதாது, ரகம் தெரிய வேண்டும்

கெடா தோட்டப்புறங்களிலிருந்து சுங்கைப்பட்டாணி, கூலிம் பகுதிகளுக்கு வேலைக்குச் செல்லும் பலருக்குப் பழைய ஆட்டோ கார்தான் துணை. என்ஜின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுவோரும் கியர் எண்ணெயை மறந்துவிடுவதுண்டு.

இந்த எண்ணெய்தான் என்ஜின் விசையைக் கடத்துகிறது, கிளட்ச் தட்டுகளை அழுத்திக் கியரை மாற்றுகிறது, சூட்டையும் தணிக்கிறது. புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கறுத்து, கருகிய வாடை வந்தால் அது கெட்டுவிட்டது. பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2022 ஜூலை 4-இல் பாலிங், கூப்பாங்கைத் தாக்கியது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய காரை, எண்ணெயைச் சோதிக்காமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது.

பல கார்களில் வடிகட்டி, கியர்பெட்டியின் அடித்தட்டுக்குள் இருக்கும். அது அடைத்தால் எண்ணெய் அழுத்தம் குறைந்து கியர் வழுக்கும். அடித்தட்டின் காந்தத்தில் மெல்லிய இரும்புத்தூள் படிவது இயல்பு. உலோகச் சில்லுகள் கிடந்தால் உள்ளே சேதம் உண்டு.

எண்ணெய் ரகத்தில் கவனம் தேவை. 2016-இல் வந்த புரோட்டோன் சாகா ஆட்டோ, சிவிடி வகை. 2019 சாகாவோ 4 கியர் ஆட்டோ. பெரோடுவா மைவி 2021 இறுதியில் சிவிடிக்கு மாறியது. ஒன்றுக்குரிய எண்ணெயை மற்றதில் ஊற்றினால் கியர்பெட்டியே பாழாகும்.

சாதாரணமாக வடித்து ஊற்றினால் ஒரு பகுதி எண்ணெய்தான் மாறும். மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதைக் கையேட்டில் பார்க்கவும். மேட்டுப் பாதையிலும் அதிகச் சுமையோடும் ஓடும் காருக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. பழைய கார் வாங்குவோர் சர்வீஸ் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும்.