ஆடவரிடம் மறைந்துறையும் கிருமி

ஒரு நோய் யாரை வருத்துகிறதோ அவரிடமே அதன் மூலத்தையும் தேடுவது மனித இயல்பு. கருப்பை வாய்ப் புற்றுநோயின் வரலாற்றில் இவ்வியல்பே அறிஞர்தம் நோக்கை நெடுங்காலம் மகளிர்பால் மட்டும் நிறுத்தியது.

1842ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ரிகோனி ஸ்டெர்ன், வெரோனா நகரின் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். கருப்பைப் புற்றுநோய் மணமான மகளிரிடம் மிகுதியாகவும், கன்னிமாடத்துத் துறவியரிடம் அரிதாகவும் காணப்பட்டது. இல்லற வாழ்வுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்பதற்கு இதுவே முதற்குறிப்பு எனலாம். ஆயினும், அத்தொடர்பின் மறுமுனையில் நிற்கும் ஆடவனைப் பற்றிய ஆராய்ச்சி எழ நெடுநாள் சென்றது.

1954இல் அமெரிக்க மருத்துவர் சிலர் ஓர் உண்மையை வெளியிட்டனர். கொரியப் போரிலிருந்து திரும்பிய வீரர்தம் மனைவியருக்குப் பிறப்புறுப்பில் மருக்கள் தோன்றின. கணவருக்கோ அவை முன்னரே இருந்தன. மரு, உடலுறவால் தொற்றுவது என்பது இதனால் தெளிவாயிற்று. அம்மருவை விளைவிக்கும் பாப்பிலோமா வைரஸ் குடும்பத்தின் 16ஆம் வகையைக் கருப்பை வாய்ப் புற்றில் கண்டதாக 1983இல் ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசன் குழுவினர் அறிவித்தனர். அதற்காக 2008இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஆடவரிடம் இக்கிருமி எவ்வளவு? 35 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான கணக்கின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆடவருள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரிடம் இத்தொற்று உண்டு. புற்றுநோய் விளைக்கும் வகைகள் மட்டும் 21 விழுக்காடு.

இவ்வளவு பரவக் காரணம் என்ன? முதலாவது, இது தோலோடு தோல் படுவதாலேயே தொற்றும்; ஆதலின் ஆணுறை முழுக் காப்பாகாது. இரண்டாவது, பெரும்பாலோரிடம் எவ்வித அறிகுறியும் இராது. தாங்கும் ஆடவன் தாங்குவதை அறியான். மூன்றாவது, தொற்று பெரும்பாலும் தானே நீங்கினும், ஆடவர் உடலில் அதை எதிர்க்கும் ஆற்றல் பெண்டிரினும் குறைவாகவே எழுகிறது. மீண்டும் தொற்ற இடமுண்டு. மகளிரிடம் வயது ஏறத் தொற்றுக் குறைவது பல நாடுகளில் காணப்படுகிறது. ஆடவரிடமோ முதுமையிலும் அது பெரிதும் குறைவதில்லை. ஆடவருக்கும் ஆண்குறி, குதம், தொண்டை ஆகியவற்றில் புற்று விளைவதுண்டு.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நோயுற்ற மனைவியின் ஒழுக்கத்தை ஐயுறுதல் அறியாமை. கிருமி பல்லாண்டு வெளிப்படாமல் உறைவதால், எவரிடமிருந்து, எப்போது வந்தது எனத் துணிதல் பெரும்பாலும் இயலாது. கணவனைக் குற்றம் சாட்டுதற்கும் இவ்வுண்மையே தடை.

மலேசியாவில் 13 வயது மாணவியருக்குத் தடுப்பூசி போடும் திட்டம் 2010இல் தொடங்கியது. ஆஸ்திரேலியா 2013இல் மாணவருக்கும் அதை விரித்தது. பெண்ணைக் காக்க ஆணையும் காக்க வேண்டும் என்னும் தெளிவு வர 170 ஆண்டுகள் ஆயின. பெற்றோர் ஐயத்துடன் வினவும்போது, நாணத்தால் வாய் மூடாது இதனை விளக்குவது ஆசிரியர் கடனாகும்.