முள் கதவில் இருந்து சைரன் வரை: அலாரம் அடிச்சா யார் வருவாங்க?

கண்டியில் இருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை தாண்டி அலவத்துகொட பக்கம் ஏ9 வீதியில் வாற ஆக்கள், கடை ஷட்டர்களுக்கு மேல ஒரு தரம் பார்த்தா கெமராவும் சைரன் பெட்டியும் கண்ணில் படும். நகைக் கடைக்காரர், போன் கடைக்காரர் எல்லாரும் காசு கொடுத்துப் பூட்டிய சாமான்தான். வயரிங் பாஸ் வந்து ஒரு நாளில் வேலையை முடிச்சிட்டுப் போவார். ஒரு தரம் அடிச்சுக் காட்டுவார். அவ்வளவுதான். அந்த வேலை சரியா செய்யப்பட்டதா என்று யார் சொல்றது? அதுக்கு ஏதாவது அளவுகோல் இருக்கா? இந்தக் கேள்விக்கு நாம நினைக்கிறதைவிட நீளமான வரலாறு ஒன்று இருக்கு.

களிமண் முத்திரை

முதலில் நம்ம ஊர்க் கதை. 1660 இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, 19 வருடத்துக்கும் மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் லண்டனில் வெளியிட்ட புத்தகத்தில் இரண்டாம் இராஜசிங்கனின் காவல் முறையை விவரிக்கிறார். மலைப் பாதைகளில் முள் கதவுகள் இருந்தன. அவற்றில் காவல் போடப்பட்டிருந்தது. அரண்மனைப் பக்கமிருந்து போகிறவருக்கு அனுமதிச் சீட்டு வேணும். அது காகிதம் இல்லை, களிமண்ணில் பதித்த முத்திரை. போர்வீரனுக்கு ஈட்டி ஏந்திய மனிதன், கூலியாளுக்குக் காவடித் தடியில் இரண்டு மூட்டை சுமக்கும் மனிதன், வெள்ளைக்காரருக்கு வாளும் தொப்பியும் உள்ள மனிதன். எழுத்து வாசிக்கத் தெரியாத காவலாளிக்கும் இது விளங்கும். அதாவது, எந்தக் கதவில் எந்தக் காவலாளி நின்றாலும் ஒரே விதி. இன்றைக்கு நாம 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்றது இதைத்தான்.

ஆனா நொக்ஸ் தப்பினாரே? தொப்பி பின்னி விற்று, சில்லறை வியாபாரியாக ஊர் ஊராகத் திரிந்து, வழிகளைப் பழகிக்கொண்டார். 1679 இல் வடக்கே போகும்போது வழியில் மறித்த அதிகாரியிடம், காய்ந்த மான் இறைச்சி வாங்க வந்தோம் என்றார். அது நம்பப்பட்டது. அநுராதபுரம் வழியாகப் போய் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். கதவும் விதியும் இருந்தன. கேள்வி கேட்டவர் பதிலைச் சோதிக்கவில்லை. இந்த ஓட்டை அதுக்குப் பிறகு வந்த எல்லா முறையிலும் திரும்பத் திரும்ப வரும்.

மணி அடிக்கத் தொடங்கியது

மின்சார அலாரம் என்று நாம சொல்ற சாமானுக்கு 1853 ஜூன் 21 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஒகஸ்டஸ் ரசல் போப். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் சமர்வில் ஊர்க்காரர். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சுற்று பூர்த்தியாகும். காந்தம் அதிர்ந்து சுத்தியல் மணியில் அடிக்கும். 1857 இல் அந்த உரிமையை வாங்கிய எட்வின் ஹோம்ஸ் அதை வியாபாரமாக்கினார். பொஸ்டனில் அந்தக் குடும்பம் போட்டு வைத்த அலாரம் வயர்களில்தான் 1877 இல் தொலைபேசிப் பரிமாற்ற நிலையத்துக்கான முதல் முயற்சிகளில் ஒன்று நடந்தது. அலாரக் கம்பியில் ரெலிபோன் ஓடியிருக்கு என்றால் பாருங்களேன்.

போப்பின் சாமானில் ஒரு பெரிய குறை இருந்தது. திறந்தால்தான் கரண்ட் பாயும். அப்போ கள்ளன் முதலிலேயே வயரை வெட்டினால்? மணி அடிக்காது. இதுக்குப் பதிலாக வந்ததுதான் மூடிய சுற்று. கரண்ட் எப்போதும் ஓடும், நின்றால் மணி அடிக்கும். கள்ளன் சும்மா இருப்பானா? வெட்டாமல், இரண்டு வயரையும் சேர்த்து ஷோர்ட் பண்ணப் பழகினான். அதுக்குப் பதில், லூப்பின் கடைசியில் சென்சருக்குள்ளேயே வைக்கிற ஒரு சின்ன ரெசிஸ்டர். பெனல் அந்த அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வெட்டினாலும் தெரியும், ஷோர்ட் பண்ணினாலும் தெரியும்.

இங்கதான் விஷயமே இருக்கு. சில ரூபாய் பெறுமதியான அந்த ரெசிஸ்டரை சென்சர் வரை கொண்டுபோகாமல், பெனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கி வைத்துவிடலாம். அரை மணி நேரம் மிச்சம். சோதித்துக் காட்டும்போது அலாரம் நல்லா அடிக்கும். கடைக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. ஷோர்ட் பண்ணத் தெரிந்த கள்ளனுக்கு மட்டும் தெரியும். வாங்குகிறவரால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிழைகளுக்காகத்தான் தராதரமும் பரிசோதனையும் உருவாகின.

முதலில் விழித்தது காப்புறுதிக்காரர்

இந்தத் துறையில் விதி கொண்டுவந்த முதல் ஆள் அரசாங்கம் என்று நினைத்தால் தப்பு. நட்டஈடு கொடுக்க வேண்டியவர் யாரோ, அவருக்குத்தான் முதலில் அக்கறை வந்தது. 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியின் மின் தீ அபாயத்தைப் பார்க்க அனுப்பப்பட்ட வில்லியம் ஹென்றி மெரில், அடுத்த வருடம் அண்டர்ரைட்டர்ஸ் லபோரட்டரிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். காப்புறுதிக் கம்பனிகளின் ஆதரவோடு வளர்ந்த அந்த நிறுவனம், கருவிகளோடு அலாரம் பூட்டும் முறைக்கும் தராதரம் எழுதியது.

இரண்டாவதாக விழித்தது பொலிஸ். காரணம் பொய் அலாரம். அமெரிக்காவில் பொலிஸுக்கு வந்த அலாரம் அழைப்புகளில் 94 முதல் 98 சதவீதம் வரை பொய் என்று ஆய்வுகள் கூறின. 2000 டிசம்பரில் சோல்ட் லேக் சிட்டி பொலிஸ், யாராவது நேரில் பார்த்து உறுதிப்படுத்தினால்தான் வருவோம் என்று அறிவித்தது. பிரித்தானியாவில் வேறு வழி. அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை அமைப்பின் சான்றிதழ் உள்ள நிறுவனம் பூட்டிய அலாரத்துக்குத்தான் பொலிஸ் இலக்கம் கிடைக்கும். 12 மாதத்தில் மூன்று பொய் அழைப்பு போனால் உடனடி வருகைக்கான உரிமை பறிபோகும். பூட்டுகிறவர் பொறுப்பாக இருக்க இதைவிட வேற காரணம் வேணுமா?

ஐரோப்பியத் தராதரமான ஈஎன் 50131 அலாரங்களை நான்கு கிரேட்களாகப் பிரிக்கிறது. வீட்டின் பெறுமதியை வைத்து அல்ல, வரப்போகும் கள்ளனுக்கு எவ்வளவு தெரியும், கையில் என்ன கருவி இருக்கும் என்பதை வைத்து. எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். பிடிபடாத கள்ளனின் கெட்டித்தனத்தை வைத்து விதி எழுதியிருக்காங்க.

நம்ம நாட்டில்

தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது 1998 ஜனவரி 25 இல். அதே வருடத்தில்தான் 45ஆம் இலக்க தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின் மையம், காவல் சேவை வழங்கும் நிறுவனங்களைப் பதிவு செய்வது. வயர்லெஸ் கருவிகளின் அலைவரிசையைப் பார்ப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. தொழிலாளியின் திறமையைச் சான்றுப்படுத்துவது என்விகியூ முறை. மூன்றும் தேவையானவைதான். ஆனா ஒன்று கம்பனியைப் பார்க்கிறது, ஒன்று அலைவரிசையைப் பார்க்கிறது, ஒன்று ஆளைப் பார்க்கிறது. உங்க கடைக் கதவில் பூட்டிய அந்த வேலையை இந்த மூன்றும் திறந்து பார்ப்பதில்லை.

வெளிநாட்டுத் தராதரத்தை அப்படியே இறக்கினால் சரியாகுமா? அதுவும் இல்லை. ஈஎன் 50131 படி கிரேட் 1, 2 அலாரத்துக்கு கரண்ட் இல்லாமல் 12 மணி நேரம் தாங்கும் பற்றரி போதும். 2022 மார்ச் 31 இல் இலங்கையில் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு 13 மணி நேரம்! தீர்ந்த பற்றரி திரும்ப ஏற 72 மணி நேரம் வரை அந்தத் தராதரம் இடம் கொடுக்கிறது. நமக்கோ அடுத்த நாளும் வெட்டு. கரண்ட் போய்ப் போய் வரும் ஊருக்கு அந்தக் கணக்கு எழுதப்படவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கு. சொல்லாமல் போக முடியாது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6 இல் அவசரகால நிலை பிரகடனமானது. கள்ளன் ஒளிந்து வருவான், சத்தம் கேட்டால் ஓடுவான், பொலிஸ் வரும். அலாரம் நம்பியிருப்பது இந்த மூன்றையும்தான். பகல் வெளிச்சத்தில் கூட்டமாக வருகிறவனுக்கு சைரன் எதுக்கு? அன்றைக்கு வேலை செய்தது கெமராதான். பொலிஸாரும் உள்ளூர் அரசியல்வாதிகளும் தாக்குதலில் சேர்ந்தார்கள் என்ற குற்றச்சாட்டை சிசிடிவி காட்சிகளை ஆதாரமாக வைத்து ரொய்ட்டர்ஸ் வெளியிட்டது. அப்படியொரு காட்சி நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்க வேணும் என்றால், ரெக்கோர்டரின் நேரம் சரியாக இருக்க வேணும், பழைய பதிவு அழிய முன் எடுக்கப்பட வேணும், பெட்டி பூட்டிய இடத்தில் இருக்க வேணும். இதெல்லாம் பூட்டுகிற நாளில் முடிவாகிற விஷயங்கள்.

ஆகவே, உங்க வீட்டுக்கோ வாப்பாவின் கடைக்கோ அலாரம் பூட்ட ஆள் வந்தால், அடிச்சுக் காட்டச் சொல்லி மட்டும் விட்டுடாதீங்க. ரெசிஸ்டர் எங்க இருக்கு என்று கேளுங்க. மெயினை ஓஃப் பண்ணி பற்றரி எவ்வளவு நேரம் தாங்குது என்று பாருங்க. ரெக்கோர்டரின் மணியை உங்க போனோடு ஒப்பிடுங்க. செய்த வேலையை ஒரு கடதாசியில் எழுதி ஒப்பம் வாங்குங்க. கடைசியாக, இது அடிச்சா யாருக்குக் கோல் போகும், அந்த ஆள் எத்தனை நிமிஷத்தில் வருவார் என்றும் கேளுங்க. அதுக்குப் பதில் வயரிங் பாஸிடம் இருக்காது. பக்கத்துக் கடைக்காரரோடும் பொலிஸோடும் நாமதான் பேசி வைக்க வேணும்.