கழுத்து வட்டுப் பிதுக்கம்: சிகிச்சையைத் தெரிவுசெய்தல்

கழுத்து வட்டுப் பிதுக்கம் என்பது கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் வெளிவளையம் நைந்து, உள்ளே இருக்கும் கூழ்ப்பகுதி வெளியே பிதுங்கி, நரம்பு வேரையோ தண்டுவடத்தையோ அழுத்தும் நிலை. பேச்சில் ‘ஜவ்வு விலகல்’, ‘டிஸ்க் பிரச்சினை’ என்பார்கள். அழுந்துவது வேரா, தண்டுவடமா என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமைகிறது. வேர் மட்டும் அழுந்தினால் பெரும்பாலானோர் அறுவை இல்லாமலே தேறுகிறார்கள். தண்டுவடம் அழுந்தினால் காலதாமதம் நிரந்தர ஊனத்தில் முடியக்கூடும்.

அமைப்பும் அறிகுறிகளும்

கழுத்தில் 7 முள்ளெலும்புகளும் 8 இணை நரம்பு வேர்களும் உள்ளன. 5, 6 ஆம் எலும்புகளுக்கு இடையிலும் 6, 7 ஆம் எலும்புகளுக்கு இடையிலும் உள்ள வட்டுகளில்தான் பிதுக்கம் மிகுதி. ஆறாம் வேர் அழுந்தினால் வலி கட்டைவிரல் வரை இறங்கும். ஏழாம் வேர் அழுந்தினால் நடுவிரல் மரத்து, முழங்கையை நீட்டும் வலு குறையும். எட்டாம் வேர் அழுந்தினால் சுண்டுவிரல் பாதிக்கப்படும்.

தண்டுவட அழுத்தம் வேறுவிதமாகத் தெரியும். சட்டைப் பித்தான் போடவும் சோறு பிசையவும் விரல்கள் தடுமாறும். கால்கள் விறைத்து நடை தள்ளாடும். முற்றினால் சிறுநீரை அடக்க முடியாமல் போகும். இந்நிலையில் வலி சிறிதும் இல்லாமல் இருக்கலாம். அதனாலேயே பலர் முதுமையின் தளர்ச்சி என்று எண்ணிக் காலம் கடந்து மருத்துவரிடம் வருகிறார்கள்.

எம்.ஆர்.ஐ. படம்

படத்தில் பிதுக்கம் தெரிவது மட்டுமே நோய்க்குச் சான்று ஆகாது. ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தைப் படமெடுத்து 2015 இல் வெளியிட்ட ஆய்வில் 87.6 விழுக்காட்டினருக்கு வட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. நோயாளி சொல்லும் வலியின் தடம், மருத்துவர் கையால் சோதித்துக் காணும் வலுக்குறைவு, படத்தில் அழுந்தித் தெரியும் வேர் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் அந்த வட்டைக் காரணமாகக் கொள்ளலாம். தோள்மூட்டு நோய், மணிக்கட்டில் நரம்பு அழுந்துதல், வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் இதே போன்ற அறிகுறிகளைத் தரும். காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த கழுத்து வலியில் முதுகெலும்புக் காசநோயையும் தேடிப் பார்க்க வேண்டும். மார்பு இறுக்கத்துடன் இடக்கை வலித்தால் முதலில் பார்க்க வேண்டியது இதயத்தை.

இயல்பான போக்கு

இந்நோயின் போக்கைப் பற்றி இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வின் முதன்மை ஆசிரியர், பின்னாளில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் இயக்குநராக இருந்த குருபத் ராதாகிருஷ்ணன். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை கழுத்து வேர் நோய் கண்ட 561 பேரை ஆராய்ந்த இவ்வாய்வு 1994 இல் வெளிவந்தது. அவர்களில் 26 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டனர். கடைசியாகப் பார்த்தபோது 90 விழுக்காட்டினர் தொந்தரவே இல்லாமலோ சிறு தொந்தரவுடனோ இருந்தனர். சுமார் மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்பி வந்தது. காயமோ கடும் உழைப்போ நோய்க்கு முன் நேர்ந்ததாகச் சொன்னவர்கள் 15 விழுக்காட்டுக்கும் குறைவு.

அறுவையில்லாச் சிகிச்சை

வலுக்குறைவு இல்லாத வேர் வலிக்கு முதல் ஆறு வாரங்கள் வலி மாத்திரை, அளவான ஓய்வு, இயன்முறைப் பயிற்சி ஆகியவையே வழக்கம். நெதர்லாந்தில் 205 பேரிடம் நடத்தி 2009 இல் வெளியான ஆய்வில், சில வாரங்கள் கழுத்துப்பட்டை அணிந்தவர்களுக்கும் பயிற்சி செய்தவர்களுக்கும் சும்மா காத்திருந்தவர்களைவிட வலி விரைவில் குறைந்தது. பட்டையை மாதக்கணக்கில் அணிந்தால் தசை தளர்ந்துவிடும். ஸ்டீராய்டு ஊசி சிலருக்கு வலியைத் தணிக்கும். ஆனால் அரிதாகப் பக்கவாதம் போன்ற பெருங்கேடு நேர்வதால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014 இல் எச்சரிக்கை விடுத்தது. முடிதிருத்தகத்தில் கழுத்தைச் சொடுக்கிக்கொள்வதை இந்நோயாளிகள் அறவே தவிர்க்க வேண்டும்.

அறுவை

முன்கழுத்து வழியாக வட்டை அகற்றி எலும்புகளை இணைக்கும் முறையை ராபின்சனும் ஸ்மித்தும் 1955 இலும், கிளோவர்டு 1958 இலும் விவரித்தனர். இன்றும் பரவலாகச் செய்யப்படுவது இதுவே. வட்டு இருந்த இடத்தில் செயற்கை வட்டைப் பொருத்துவதும், பின்பக்கமாக வேரின் வாயிலை அகலப்படுத்துவதும் தகுதியானவர்களுக்கு ஏற்ற மாற்று வழிகள். முன்வழி அறுவைக்குப்பின் குரல் கம்முவதும் விழுங்கச் சிரமமும் ஏற்படலாம்; பெரும்பாலும் இவை தற்காலிகமே. புகைப்பழக்கம் எலும்பு இணைவதைத் தடுக்கிறது. சர்க்கரை நோயாளிகள் அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

ஸ்வீடனில் 81 பேரை அறுவை, பயிற்சி, கழுத்துப்பட்டை என மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வு 1997 இல் வெளிவந்தது. நான்கு மாத அளவில் அறுவை செய்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஓராண்டு முடிவில் மூன்று குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தண்டுவட அழுத்தத்துக்கு இந்த முடிவு பொருந்தாது. அது மிதமாகவோ கடுமையாகவோ இருந்தால் அறுவையே தேவை என்கின்றன 2017 இன் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள்.

போவன்பள்ளியும் ஐதராபாத்தும்

சிகிச்சைத் தெரிவில் நோயாளியின் தொழிலும் வாழிடமும் சேரும்; தெலங்கானாவில், செகந்திராபாத்தின் வடபகுதியில் உள்ள போவன்பள்ளி அதற்கோர் எடுத்துக்காட்டு. இங்குள்ள மொத்தக் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமந்து பிழைப்பவர்களுக்கு, எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பது சிகிச்சைத் தெரிவின் முக்கியக் கூறு. எலும்பு இணைந்துவிட்டதை மருத்துவர் உறுதிசெய்யும் வரை தலைச்சுமை கூடாது. இப்பகுதி மக்கள் நாடக்கூடிய அரசுசார் நிறுவனங்களில் செகந்திராபாத் காந்தி மருத்துவமனையும், 1964 இல் எலும்பு மருத்துவமனையாகத் தொடங்கிய பஞ்சகுட்டா நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனமும் உண்டு. 2007 இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ என்ற அரசு மருத்துவக் காப்புத் திட்டத்தின் காப்பு வரம்பைத் தெலங்கானா அரசு 2023 டிசம்பரில் 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. நோயாளி தனக்குச் சொல்லப்பட்ட அறுவை அதன் பட்டியலில் உள்ளதா என்று மருத்துவமனையின் ஆரோக்கியஸ்ரீ உதவி மையத்தில் முன்கூட்டியே கேட்டறியலாம்.

தெலங்கானாவில் இன்னொரு கவனமும் தேவை. நல்கொண்டா பகுதியின் ஃபுளூரைடு மிகுந்த நிலத்தடி நீரைப் பல்லாண்டு குடித்தவர்களுக்கு எலும்பும் தசைநாரும் தடித்துத் தண்டுவடக் குழாய் குறுகுவதுண்டு. சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த ஃபுளூரைடு நோய் 1937 இலேயே பதிவானது. ஐதராபாத் நரம்பு அறுவை மருத்துவர் டி. ராஜா ரெட்டி இதன் நரம்புப் பாதிப்புகளை விரிவாக ஆராய்ந்தார். நல்கொண்டா பகுதியிலிருந்து வந்து குடியேறியவருக்கு ஒரு வட்டை மட்டும் அகற்றுவது போதாமல் போகலாம். ஆகவே பிறந்து வளர்ந்த ஊரையும் குடித்த நீரையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முடிவெடுத்தல்

கை வலு நாளுக்கு நாள் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர்க் கட்டுப்பாடு தளர்ந்தாலோ உடனே நரம்பு அல்லது முதுகெலும்பு அறுவை மருத்துவரைக் காண வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்குப் பிறகும் கைவலி தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், அறுவையைப் பற்றிப் பேசுவது நியாயம். கழுத்து வலி மட்டும் இருப்பவருக்கு அறுவையின் பயன் குறைவு. எந்த வேர் அழுந்துகிறது, அறுவை செய்யாமல் மூன்று மாதம் பொறுத்தால் என்ன ஆகும், எந்த அறிகுறி தோன்றினால் பொறுக்கக் கூடாது என்ற மூன்று கேள்விகளை நோயாளி மருத்துவரிடம் கேட்க வேண்டும். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை. தண்டுவடம் அழுந்தாத பெரும்பாலானோருக்கு அதற்கு வேண்டிய அவகாசமும் உண்டு.