உடலைக் குளிர வைத்த மருத்துவர்கள்

1938-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் ஃபே என்ற நரம்பியல் அறுவை நிபுணர் புற்றுநோயாளிகளைப் பனிக்கட்டிகளுக்கு நடுவே கிடத்தினார். குளிரில் கட்டியின் வளர்ச்சி மட்டுப்படும், வலியும் தணியும் என்பது அவர் கணக்கு. பிறகு தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கும் அதையே செய்து பார்த்தார். டாஹவ் வதைமுகாமில் நாஜி மருத்துவர்கள் கைதிகளைப் பனிநீரில் அமிழ்த்திக் கொன்றது போருக்குப் பின் அம்பலமானபோது, இந்த ஆராய்ச்சி மீதே கறை படிந்தது.

ஆனாலும் அந்த யோசனை மடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அடிபட்ட கணத்தில் சேதமாவது மூளையின் ஒரு பகுதிதான். அடுத்த நாட்களில் மூளை வீங்கும். மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ரத்த ஓட்டம் குறைந்து, தப்பிய செல்களும் சாகும். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கினால் மூளையின் ஆக்சிஜன் தேவை சுமார் 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. தேவை குறைந்தால் செல்கள் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்குமல்லவா?

1987-இல் மயாமியில் நடந்த எலிச் சோதனைகள் அப்படித்தான் காட்டின. ரத்தம் தடைபட்ட மூளையைச் சில டிகிரி குளிரே காத்தது. 1997-இல் பிட்ஸ்பர்க்கில் 82 நோயாளிகளிடம் செய்த ஆய்வும் நம்பிக்கை தந்தது: ஓராண்டுக்குப் பின் குளிரூட்டப்பட்டவர்களில் 62 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள்; மற்றவர்களில் 38 சதவீதம் பேர்.

நான்கே ஆண்டுகளில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஹூஸ்டனைச் சேர்ந்த கை கிளிஃப்டன் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 392 பேரைச் சோதித்தன. பாதிப் பேரின் உடல் 48 மணி நேரம் 33 டிகிரியில் வைக்கப்பட்டது. இறந்தவர்கள் குளிர்ப் பிரிவில் 28 சதவீதம், மற்றதில் 27.

மருந்துகளின் கதையும் இதேதான். வீக்கத்தை வற்றவைக்குமென்று பல்லாண்டுகளாகத் தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்துவந்தார்கள். லண்டனிலிருந்து நடத்தப்பட்ட 'கிராஷ்' ஆய்வில் 10,008 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2004-இல் சேர்க்கை நிறுத்தப்பட்டது. இரு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், வெற்று மருந்து பெற்றவர்களில் 17.9. அந்த ஒப்பீடு இல்லாமல், நூறில் கூடுதலாக இறந்த மூவரை எந்த வார்டு மருத்துவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. நூறில் பதினெட்டுப் பேர் எப்படியும் இறக்கும் காயம் அது. எலிகளிடம் அசத்திய புரொஜெஸ்டிரோன் ஹார்மோனும் 2014-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் தேறவில்லை.

குளிரைக் கைவிட மனமில்லாதவர்கள் வேறு வழி தேடினார்கள். மூளை அழுத்தம் ஏறியவர்களை மட்டும் குளிரூட்டிய ஐரோப்பிய ஆய்வு, தீங்கு தென்பட்டதால் பாதியில் நின்றது. 2015-இல் வந்த முடிவில் நன்றாகத் தேறியவர்கள் குளிர்ப் பிரிவில் 26 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 37. 'தாமதம்தான் கோளாறு' என்று எண்ணிய ஆஸ்திரேலியர்கள் ஆம்புலன்ஸிலேயே தொடங்கினார்கள். 2018-இல் வந்த அந்த ஆய்விலும் இரு பிரிவுகளும் ஏறத்தாழச் சமம்: நன்றாகத் தேறியவர்கள் குளிர்ப் பிரிவில் 48.8 சதவீதம், மற்றதில் 49.1.

குளிருக்கும் விலை உண்டு. நிமோனியா தொற்றலாம், ரத்தம் உறைவது தடுமாறலாம், உடலைத் திரும்பச் சூடேற்றும்போது மூளை அழுத்தம் மறுபடி எகிறலாம். ஆகவே தலைக்காயத்துக்கு இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குளிர் போர்வையின் முக்கிய வேலை, காய்ச்சல் ஏறாமல் வெப்பத்தை இயல்பு நிலையில் பிடித்துவைப்பது.