தலைநிலத்து ஏரிகளும் ஈரநிலம் என்னும் வரையறையும்: அவலூர்பேட்டை – செஞ்சி வட்டார நீர்ப்பிடிப்பை முன்வைத்து

வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், வடுவூர், கரைவெட்டி, சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் ஆகிய இவை அனைத்தும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற தமிழ்நாட்டு ஈரநிலங்கள். அனைத்துமே உழவுக்காக நம் முன்னோர் கரை எழுப்பித் தேக்கிய பாசன நீர்நிலைகளும்கூட. 1971இல் உருவான ராம்சர் உடன்படிக்கை இயற்கை, செயற்கை என்று வேறுபாடு பார்ப்பதில்லை. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு ஈரநில (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகளோ பாசனத்துக்கென மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்னும் வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. ராம்சர் அங்கீகாரம் பெற்ற ஏரிக்குச் சட்டக் காப்பு உண்டு. அதற்கு நீர் அனுப்பும் மேலேரிக்கு இல்லை. இந்தப் பிரிவினை நீரியல் அடிப்படையற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதன் கேடு முதலில் தெரிவது பறவைகள் கூடும் கடைமடையில் அன்று. அவலூர்பேட்டை போன்ற தலைநிலங்களில்தான்.

விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் வட்டத்தில், திருவண்ணாமலையிலிருந்து சேத்துப்பட்டு செல்லும் சாலையில் இருக்கிறது அவலூர்பேட்டை. மேற்கே துரிஞ்சலாறு தென்பெண்ணையை நோக்கியும், வடக்கே செய்யாறு பாலாற்றை நோக்கியும் ஓடுகின்றன. தென்கிழக்கே, மலையனூர்ப் பகுதிக் குன்றுகளில் பிறக்கும் சங்கராபரணி, வராகநதி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர் பெற்று வங்கக்கடலை நோக்கிச் செல்கிறது. மூன்று வடிநிலங்கள் நெருங்கிவரும் மேட்டுநிலம் இது. வற்றாத ஆறு ஒன்றும் இங்கில்லை. வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் குன்றுச் சரிவுகளிலிருந்து இறங்கும் வெள்ளத்தைப் பிடித்துவைக்க ஏரியை விட்டால் வேறு வழியும் இல்லை.

சங்கராபரணி சுமார் 79 கி.மீ. ஓடுகிறது, அதில் 34 கி.மீ. புதுச்சேரி எல்லைக்குள். இடையில் 1950களின் இறுதியில் கட்டப்பட்ட வீடூர் அணை. அதன் கொள்ளளவு 605 மில்லியன் கனஅடி. அதற்கும் கீழே சுத்துக்கேணி வாய்க்கால் வழியே இந்த ஆற்று நீர் ஊசுட்டேரியை அடைகிறது. சுமார் 800 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியின் தன் பகுதியைப் புதுச்சேரி 2008இலும், தமிழ்நாடு 2015இலும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. நல்ல முடிவுகள்தான். ஆனால் அங்கே நீர் எப்போது வரும், எவ்வளவு வரும், எவ்வளவு வண்டலோடு வரும் என்பவற்றில் பெரும்பகுதி, எந்தச் சரணாலயப் பட்டியலிலும் இல்லாத மேல்மலையனூர், செஞ்சி வட்டத்து ஏரிகளின் கலங்கல்களில், அதாவது மிகைநீர் வழியும் சுவர்களில், முடிவாகிறது.

இது எப்படி என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 கன மீட்டர் நீர். பத்து சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 60 மி.மீ. மழை என்றால் ஆறு லட்சம் கன மீட்டர். காய்ந்து கிடக்கும் செம்மண்ணில் அதில் இருபதில் ஒரு பங்குதான் ஓடிவருகிறது என்று கொண்டால் ஏரிக்குக் கிடைப்பது 30,000 கன மீட்டர். அதே மழை, மண் ஊறியபின் பெய்து கால் பங்கு ஓடிவந்தால் 1,50,000. மழை ஒன்றுதான், வரத்து ஐந்து மடங்கு. காய்ந்த நிலம், ஈரமான நிலம், ஊறிய நிலம் என்று பிரித்து ஓட்டத்தைக் கணக்கிட்ட ஸ்ட்ரேஞ்சின் அட்டவணை நூறாண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர்களிடம் புழங்குகிறது. கார்த்திகையின் இரண்டாம், மூன்றாம் மழைகளே ஏரியை நிரப்புகின்றன என்ற, ஊரில் நீரைப் பங்கிடும் நீர்க்கட்டியின் கணிப்பும் அந்த அட்டவணையும் சொல்வது ஒன்றே.

மேலேரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் அடுத்த ஏரிக்கு அதன் பங்கு கிடைக்கும். இந்தச் சங்கிலியைப் பழைய மதராஸ் மாகாணப் பொறியாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். கலங்கலின் நீளத்தை முடிவுசெய்ய அவர்கள் கையாண்ட ரைவ்ஸ் சூத்திரத்தில், மேலே வேறு ஏரிகள் இருந்தால் மொத்த நீர்ப்பிடிப்பின் வெள்ளத்திலிருந்து அந்த ஏரிகள் மறிக்கும் பங்கைக் கழிக்கும் முறை உண்டு. 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தின் குறிப்பேடுகளும் தனி நீர்ப்பிடிப்பு, கூட்டு நீர்ப்பிடிப்பு என்று பிரித்தே எழுதப்பட்டன. ஓர் ஏரியின் வெள்ளம் இன்னோர் ஏரியின் இருப்பைச் சார்ந்தது என்பது அன்றே கணக்கில் ஏறிவிட்டது. 2017ஆம் ஆண்டின் வரையறையில் அதற்கு இடமில்லை.

மேலேரி உடைந்தால் அல்லது தூர்ந்தால் கீழேரியின் கலங்கல் தாங்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழையை எந்த ஏரித்தொடராலும் முழுதாக அடக்க முடியாது. முடியும் என்று சொல்வது மிகை. ஆனால் வெள்ளத்தின் உச்சத்தைச் சில மணி நேரம் தள்ளிப்போட அதனால் முடியும். ஆற்றோர ஊர்களை வெளியேற்றுவதற்குத் தேவைப்படுவது அந்தச் சில மணி நேரம்தான்.

நிலத்தடிக்கு வருவோம். செஞ்சிப் பாறைகள் கருங்கல்லும் நைஸும் சார்னோகைட்டும் ஆனவை. நீர் நிற்பது மேலே சிதைந்த மண்டலத்திலும் அதன் கீழுள்ள விரிசல்களிலும் மட்டுமே. கடலோர மணற்பாறையைப் போல ஆழத்தில் பெருஞ்சேமிப்பு இங்கில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் நிரப்பி, அந்த ஆண்டே எடுக்கும் நிலம் இது. ஏரிப் படுகையில் கசியும் நீரைப் பழைய பாசனக் கணக்கு இழப்பு என்று எழுதியது. நிலக்கடலையும் நெல்லும் கரும்பும் கிணற்றை நம்பும் இன்றைய ஆயக்கட்டில் அந்தக் கசிவுதான் வரவு. மடையைத் திறக்காமலே நீரை நிறுத்திக் கிணறுகளை ஊறவைக்கும் வழக்கம் தமிழக ஊர்கள் பலவற்றில் வந்துவிட்டது. பாசன ஏரி என்ற பெயரில் இருந்தாலும் ஆண்டின் பல மாதங்கள் அது செய்வது ஈரநிலத்தின் வேலை.

ஆட்சி அமைப்பு இதைத் துண்டு துண்டாகப் பார்க்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். மேலே சரிவில் காப்புக்காடு வனத்துறைக்கு. தடுப்பணையும் பண்ணைக்குட்டையும் வேறு துறைகளுக்கு. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் அன்றைய பொதுப்பணித்துறைக் கட்டுப்பாட்டிலிருந்த ஏரிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டதே. தலைநிலத்தில் மிகுதியாக இருப்பவையோ சிற்றேரிகள். 2017இல் தொடங்கிய குடிமராமத்துப் பணிகள் பல ஏரிகளுக்கு உயிர் கொடுத்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தூர்வாருதல் என்றாலே படுகையைத் தோண்டுவது என்றாகிவிட்டது. வரத்துக்கால் அடைபட்ட ஏரியை எவ்வளவு ஆழமாக்கினாலும் அது வெறும் குழிதான். மேலே தடுப்பணைகளை அளவின்றி அடுக்கினால் கீழேரிக்கு வரத்து குறைகிறது என்பதை ஆந்திரத்தின் வறண்ட பகுதிகளில் நடந்த நீர்ப்பிடிப்பு ஆய்வுகள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டின. இரண்டு நல்ல திட்டங்கள் ஒன்றையொன்று வறளச் செய்ய முடியும்.

ஈரநில விதி வந்தால் வண்டல் எடுக்க முடியாது, மாடு மேய்க்க முடியாது, மீன் குத்தகை போய்விடும் என்ற அச்சம் உழவரிடம் உண்டு. நியாயமான அச்சம், அதை அறியாமை என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ராம்சர் உடன்படிக்கை வலியுறுத்துவதே அறிவார்ந்த பயன்பாட்டைத்தான். ஊரார் நெடுங்காலமாகக் காத்துவந்த வேடந்தாங்கலின் நீர் இன்றும் வயலுக்குப் பாய்கிறது. காவலும் பாசனமும் ஒரே நீர்நிலையில் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஏரிகளைத் தொடராகவே பார்ப்பதற்கு இவ்வட்டாரத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது: நந்தன் கால்வாய். துரிஞ்சலாற்றின் கீரனூர் அணைக்கட்டில் தொடங்கி, சுமார் 38 கி.மீ. ஓடி, 36 ஏரிகளை இணைத்து, இராசசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் நிற்கும் பனமலையின் ஏரியில் முடிகிறது. நீர்பிரிமேட்டைத் தாண்டி ஓர் ஆற்றின் நீரைச் செஞ்சி வட்டாரத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு இது. இங்கே ஏரிகளைத் தனித்தனியே பேச யாராலும் முடியாது. கால்வாய் ஓரிடத்தில் அடைபட்டால் கீழுள்ள ஊர்கள் எல்லாம் சேர்ந்தே குரல் கொடுக்கின்றன. செஞ்சிக் கோட்டை 2025இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டைக்குள் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் அதனால் கவனம் பெறும். கோட்டைக்கு வெளியே உள்ள இந்த நீர்த்தொடரும் அதே அளவு மரபுடையது.

எனவே அறிவிப்பின் அலகு தனி ஏரியாக இல்லாமல் ஏரித்தொடராக இருக்க வேண்டும். விதிகளின் விலக்கு நீங்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு ஈரநில இயக்கம் நூறு ஈரநிலங்களை இலக்காகக் கொண்டது. அவற்றுள் ஒன்றாக அவலூர்பேட்டை வட்டாரத்து ஏரித்தொடர் ஒன்றை, தலையேரி முதல் கடையேரி வரை, முழுதாக எடுக்கலாம். முதல் வேலையாகப் பங்குனி, சித்திரையில் நிலம் காய்ந்திருக்கும்போது வரத்துக்கால்களையும் போக்குக்கால்களையும் பழைய புலப்படங்களோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். ஒவ்வொரு கலங்கல் சுவரிலும் அளவுகோல் பதித்து, ஐப்பசி முதல் தை வரை நீர்மட்டத்தை ஊர்ப் பள்ளி மாணவரையோ நீர்க்கட்டியையோ கொண்டு நாள்தோறும் பதிய வேண்டும். ஆயக்கட்டுக் கிணறுகளின் மட்டத்தையும் அதோடு சேர்த்துப் பதிந்தால், எந்த ஏரி எத்தனை கிணறுகளை ஊட்டுகிறது என்பது சில பருவங்களில் தெரியவரும். சீரமைப்புப் பணி மேலேரியிலிருந்து கீழ்நோக்கி நடக்க வேண்டும். நிதி ஒதுக்கீட்டில் வரத்துக்காலுக்குத் தனித்தலைப்பு வேண்டும். தொடரின் கடைசி ஏரியின் கலங்கலில் பதிவாகும் வழிவு வீடூருக்கும் ஊசுட்டேரிக்கும் பொறுப்பான அலுவலர்களுக்கு அன்றன்றே போய்ச்சேர வேண்டும்.